வீட்டுக்கு வந்த கடைசல் இயந்திரம்



பெங்களூர், புனே, தில்லி போன்ற நகரங்களில் குடியேறிய நம்மவர்களுள், அலுவலக வேலை முடிந்த பின் மரவேலையை ஒரு கலையாகப் பயில்வோர் உண்டு. மாடிப்படியின் கீழோ, கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையிலோ அவர்கள் சிறு பட்டறை அமைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் பொறிகளுள் ஒன்று மரம் கடையும் இயந்திரம். வடநாட்டுக் கடைத்தெருக்களில் 'கராத்' என்று கேட்டால் விளங்கும். அதை வீட்டில் இறக்கிய பின், முதல் மரத்துண்டு சுழல்வதற்கு முன் செய்யவேண்டியவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். மத்தைக் கயிற்றால் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பதைப் போலவே, பழைய கடைசற்காரரும் மரத்தண்டைக் கயிற்றாலோ வில்லாலோ இருதிசையிலும் சுழற்றினார். மரம் தம்மை நோக்கி வரும்போது உளியை வைப்பார். விலகிச் செல்லும்போது உளியைச் சற்றே தளர்த்துவார். தரையில் அமர்ந்து, கால் விரல்களையும் உளியைப் பிடிக்கத் துணைகொண்டு அவர் வேலை செய்தார். அந்தப் பொறியில் உளி சிக்கிக்கொண்டால் கயிறு நழுவும், மரம் நின்றுவிடும். இழுப்பவரின் கையே அதற்குக் கடிவாளம். மின்சார மோட்டாருக்கோ அத்தகைய தயவு கிடையாது. 25 செ.மீ. விட்டமுள்ள ஒரு கிண்ணம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலுமாயின், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த விளிம்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்தால் அதே வேகத்தில்தான் அது பறந்து வரும். நம் முகமோ அதற்கு எதிரே இருக்கிறது. ஆகவே, இயந்திரத்தை அமர்த்தும் வேலையை ஒரு மாலைப் பொழுதின் அவசரத்தில் முடித்துவிடுவது தகாது.

இப்பொறியின் உறுப்புகள் சிலவே. இடப்பக்கம் மோட்டாரின் விசையை வாங்கி மரத்தைச் சுழற்றும் பகுதியைப் பட்டறைகளில் ஹெட்ஸ்டாக் என்பர். வலப்பக்கம் மரத்தின் மறுமுனையைத் தாங்கி நிற்பது டெயில்ஸ்டாக். இரண்டையும் சுமப்பது வார்ப்பிரும்பாலான நீண்ட படுகை. இடையில் உளியை ஊன்றிக்கொள்ள ஒரு தாங்கி. பெட்டியைத் திறந்ததும் இவற்றின்மேல் துருவேறாதிருக்கப் பூசிய கெட்டியான பசை காணப்படும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதை முற்றும் துடைத்து, உலரவிட்டு, படுகையின்மேல் மெழுகைத் தேய்க்கவேண்டும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலம் இரும்பை எப்படிப் பழிவாங்கும் என்பதை அங்குள்ள நேயர்கள் அறிவார்கள். முனைகளைச் செருகும் கூம்புத் துளைகளின் உட்புறத்தையும் மறவாது துடைக்கவேண்டும். அங்கே ஒட்டிய ஒரு சிறு தூசும் முனையைக் கோணலாக்கிவிடும்.

அடுத்து வருவதுதான் தலையாய செய்தி. தொழிற்சாலையை விட்டு வரும்போது நேராக இருந்த இயந்திரம், நம் வீட்டில் நாம் திருகாணி முடுக்குவதாலேயே கோணலாகிவிடக்கூடும். வார்ப்பிரும்பு வளையாது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நில்லாத மேசையின்மேல் இயந்திரத்தை வைத்து, ஆடுகிறதே என்று நான்கு மூலைகளிலும் இறுக முடுக்கினால், ஈரத்துணியைப் பிழிவதுபோல் படுகை மிக நுண்ணிதாக முறுக்கிக்கொள்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் டெயில்ஸ்டாக்கை நகர்த்தி, அதன் கூர்முனையை எதிர்முனையோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. அத்தகைய இயந்திரத்தில் துளையிட்டால் துளை அகன்றுபோகும்; இரு முனைகளுக்கிடையே நன்றாக ஓடிய மரம், டெயில்ஸ்டாக்கை விலக்கியதும் தள்ளாடத் தொடங்கும். வாங்கியவர் விற்றவரை ஏசுவார். பிழை அவர் மேசையில் இருக்கும்.

இதைத் தவிர்க்கும் வழி எளியது, பொறுமைதான் வேண்டும். முதலில் வெறும் மேசையை அதற்குரிய இடத்தில் நிறுத்தி, எக்காலும் ஆடாதபடி அடியில் ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செருகுங்கள். நம் வீட்டுத் தளங்கள் நீர் வடிவதற்காகச் சற்றே சரிந்திருப்பவை என்பதை நினைவிற் கொள்க. பின் இயந்திரத்தை ஏற்றி, திருகாணிகளை முடுக்காமல் விட்டு, ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். காகிதம் நுழையும் காலுக்குக் கீழே, அந்த இடைவெளிக்கு ஏற்ற மெல்லிய தகடு வைக்கவேண்டும். பிறகு எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் இரு முனைகளும் சந்திக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். விலகினால் முடுக்கியதைத் தளர்த்தித் தகட்டை மாற்றுக. இதற்கு இரண்டு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சுழலும் அச்சு, வேலை செய்பவர் நேராக நிற்கையில் அவருடைய முழங்கை மட்டத்தில் இருக்கவேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு இது தரையிலிருந்து ஏறத்தாழ 41, 42 அங்குலம். இயந்திரத்தோடு வரும் கால்கள் உயரமானவர்களுக்கென அமைந்தவையாயின், நிற்பதற்கு அகலமான பலகைத் தளம் ஒன்று செய்துகொள்ளலாம். குனிந்து கடைபவரின் இடுப்பு அரைமணியில் புகார் சொல்லும்.

வாடகை வீட்டில் குடியிருப்போர் தளத்தைத் துளைத்து இயந்திரத்தைப் பிணைக்க இயலாது. அவர்களுக்குக் கைகொடுப்பது மணல். மேசையின் அடித்தட்டில் உலர்ந்த மணல் மூட்டைகளை அடுக்கினால் இயந்திரம் நகராது, அதிர்வும் குறையும். ஒரு கன அடி மணல் ஏறத்தாழ 45 கிலோ எடையுள்ளது. மூன்று கன அடி இருந்தால் சிறு இயந்திரத்துக்குப் போதும். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தால் கீழ்வீட்டுக்கு இரைச்சல் இறங்குவது மட்டுப்படும். வீட்டுக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் முன்னரே, அவர்கள் மொழியிலேயே, எந்நேரத்தில் வேலை செய்வீர்கள் என்று சொல்லிவிடுவது நன்று. பல பட்டறைகளை மூடவைத்தது மரத்தூளன்று, மனத்தாங்கல்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது வாங்குவதைப்போல் பன்மடங்கு மின்னோட்டத்தை வாங்கும். ஆகவே 16 ஆம்பியர் மும்முனைச் செருகியும், மெய்யாகவே மண்ணோடு இணைந்த நிலக்கம்பியும் வேண்டும். மின்தடை நம் ஊர்களுக்குப் புதிதன்று. இயந்திரம் ஓடும்போது மின்சாரம் நின்று, நாம் உளியை வைத்துவிட்டு மரத்தைத் தொட்டுப் பார்க்கும் வேளையில் திரும்பி வருமானால் என்ன ஆகும்? மின்சாரம் நின்றதும் தானே விடுபட்டு, மறுபடி கையால் அழுத்தினாலன்றி ஓடாத சுவிட்சு இதற்காகவே உள்ளது. உங்கள் இயந்திரத்தில் அது இல்லையாயின், வேறெந்தத் துணைக்கருவி வாங்குவதற்கு முன்னும் அதை வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய இயந்திரமாயின், டிரான்ஸ்பார்மர் வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. அங்கே மின்னலைவு வினாடிக்கு 60, இங்கே 50. அங்குள்ள சாதாரண மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும், சூடும் ஏறும்.

வேகத்தைத் தெரிந்தெடுக்கக் கடைசற்காரர்கள் கையாளும் ஒரு வாய்பாடு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் கண்டு, அதை நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடைப்பட்டு வரவேண்டும். 2 அங்குலத் தண்டுக்கு 3,000 சுற்றும் தகும். 8 அங்குலக் கிண்ணத்துக்கு 750-இலிருந்து 1,125 வரையே. இதுவும் மரம் உருண்டையான பிறகுதான். புதியவர்கள் கீழெல்லையையும் எட்டாமல் வேலை செய்வதே அறிவு.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. சோக்கு வைத்த பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது. நான்கு தாடைகளையுடைய பிடிப்பான் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது வினாடிக்கு 25 முறை, சுழல்கையில் அதன் தாடைகளும் வினாடிக்கு 100 முறை ஓரிடத்தைக் கடக்கின்றன. இரண்டும் ஒத்துப்போவதால் ஓடும் பிடிப்பான் நிற்பதுபோல் தோன்றும். கை தானே நீளும். எனவே மினுக்காத விளக்கொன்றைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்க.

வீட்டில் வேட்டியும் மேல்துண்டுமாக இருப்பது நம் வழக்கம். பட்டறைக்கு அது ஆகாது. துப்பட்டாவும், புடைவைத் தலைப்பும், தொங்கும் சங்கிலியும், முடியாத கூந்தலும் அவ்வாறே. கையுறை காவல் என்று நினைப்பார்கள். சுழலும் மரத்தின் அருகில் அதுவே பகை. முகம் முழுவதும் மறைக்கும் கண்ணாடித் தட்டி கட்டாயம் வேண்டும். மூக்குக்கும் தூசி தடுக்கும் கவசம் வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

மரத்துக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. எங்கிருக்கிறீர்களோ அங்குள்ள கடைசற்காரரைக் கேளுங்கள். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள சென்னபட்டணத்தில் பொம்மை கடையும் மரத்துக்கு ஹாலெ என்று பெயர். ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவில் அதையே அங்குடு என்கிறார்கள். நம்மூர் வெட்பாலைதான் அது. குஜராத்தின் சங்கேடாவில் தேக்கைக் கடைகிறார்கள். வாரணாசியிலும் கடைசல் பொம்மைத் தொழில் உண்டு. ஒரு விடுமுறை நாளில் இவ்வூர்களில் ஒன்றுக்குச் சென்று, அரக்குக் கோலைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தி, உராய்வின் வெப்பத்தாலேயே வண்ணம் ஏற்றும் கைகளைக் கண்டு வருவது எந்தப் புத்தகமும் தராத பாடம்.

முதல் வேலைக்குக் கிண்ணம் வேண்டா. வடநாட்டில் வாழ்வோர் வீட்டில் சப்பாத்தி இடும் குழவிக்கு என்றும் தேவை உண்டு. விரிசலும் முடிச்சும் இல்லாத சீசம் மரத்தில் 2 அங்குலச் சதுரமும் 14 அங்குல நீளமுமுள்ள துண்டை எடுத்து, நான்கு விளிம்புகளையும் இழைப்புளியால் சீவி, முனைகளுக்கிடையே இறுக்குங்கள். உளி தாங்கியை அருகே கொணர்ந்து, மரம் எங்கும் இடிக்காமல் ஒரு முழுச் சுற்றுச் சுழல்கிறதா என்று கையால் சுழற்றிப் பாருங்கள். மரம் பறந்தால் செல்லும் பாதையை விட்டு ஒதுங்கி நின்று, மிகக் குறைந்த வேகத்தில் சுவிட்சை அழுத்துங்கள். உருண்டையான பின் வேகத்தைச் சற்றே கூட்டலாம். உப்புக்காகிதம் தேய்க்கும்போது உளி தாங்கியை அகற்றிவிட வேண்டும். விரல் அதற்கும் மரத்துக்கும் இடையே அகப்படலாகாது. இறுதியில் இரு நுனிகளிலுமுள்ள முனைத் தழும்புகளை அறுத்தெறிக. உணவில் படும் பொருளாதலால் வண்ணமும் வார்னிஷும் வேண்டா; துடைத்துவிட்டு அன்றிரவே சமையலறைக்குக் கொடுத்துவிடலாம்.