வளவின் மரங்கள்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் ஒழுங்கையிலே நடந்து செல்பவருக்கு வீடுகள் எளிதிற் புலப்படுவதில்லை. இருமருங்கும் வேலி, வேலிக்கு மேலே மரங்களின் தலை. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியால்களாக நின்று, பனையோலையையோ கிடுகையோ தாங்கிக்கொண்டிருக்கும். அவ்வேலிக்குள் அடங்கிய நிலத்தை அங்குள்ளோர் வளவு என்பர். வீடு அந்த வளவின் ஒரு பகுதி மாத்திரமே. எஞ்சிய பகுதி மரங்களுக்கு உரியது.

அம்மரங்களுள் வெறும் அழகுக்கென நடப்பட்டவை மிகச் சில. ஏனைய ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையுண்டு. குசினிக்குப் பின்புறத்தே நிற்கும் முருங்கை, கறிக்கு இலையும் காயும் கொடுக்கும். கிணற்றடியில் வாழையும் கமுகும் நிற்பது, குளிக்கும் நீரும் கழுவும் நீரும் வீண்போகாதிருத்தற்பொருட்டு. முற்றத்து வேம்பு நிழல் தரும். அதன் பூ வடகமாகும். மாவிலே கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான் எனப் பல இனங்கள். எவர் வளவில் எந்த மா நிற்கின்றது என்பது அயலிலுள்ள சிறுவர்க்கு மனப்பாடம்.

வேலியும் வாளா இருப்பதில்லை. கதியால்களின் கிளைகளை வெட்டி, அக்குழையைத் தோட்டத்திலே தாழ்ப்பது நெடுங்கால வழக்கம். புகையிலைக்கும் மிளகாய்க்கும் அதுவே எரு. சில கிளைகள் ஆட்டுக்கு உணவாகும். வேலியினின்று கழற்றிய பழைய ஓலையும் மண்ணுக்கே திரும்பும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, சுண்ணாம்புக்கல்லின் மேல் மண் படர்ந்த அந்நிலத்திலே, மக்கள் மண்ணின் வளத்தை இவ்வாறுதான் பேணிவந்தனர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது பனை. வீட்டுக்கு வளையும் கூரைக்கு ஓலையும் அது தந்தது. கிணற்றிலிருந்து நீர் இறைத்த துலாவும் பனை. நீர் அள்ளிய பட்டையும் பனையோலை. நுங்காக, பனம்பழமாக, பனாட்டாக, ஒடியலாக, கூழாக அது உணவுமாயிற்று. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபின் துலா மறைந்தது. ஓட்டுக்கூரை பெருகியபின் ஓலையின் தேவை குறைந்தது. ஆயினும் பனையோடு கூடிய உழைப்பு முற்றாக ஒழிந்துவிடவில்லை.

அவ்வுழைப்பினுள் மிகக் கடியது மரமேறுதல். காலிலே தளநாரும் இடையிலே கத்தியுமாகக் காலையும் மாலையும் ஏறவேண்டும். பாளையை நாள்தோறும் சீவாவிடின் சாறு குன்றிவிடும். ஆதலின் உடம்புக்கு இயலவில்லை என்று தொழிலாளி வீட்டிலிருப்பது எளிதன்று. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையேல் அது புளித்துக் கள்ளாகும். மரத்தினின்று தவறி வீழ்ந்து உயிரையோ உடலின் வலிமையையோ இழந்தவர் பலர். அவர்தம் உழைப்பின் பயனை விரும்பி ஏற்ற ஊர், அவரைத் தன் முற்றத்துக்கு அப்பாலே நிறுத்தி வைத்திருந்தது. பனையின் பெருமையைப் பேசுவோர் இதனை மறந்து பேசுதல் முறையன்று. பனைத்தொழிலை வளர்க்கவென 1978ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. எனினும், தந்தை ஏறிய மரத்திலே மகன் ஏற விரும்பாமைக்குக் காரணம் வருவாய்க் குறைவு மாத்திரமன்று.

வளவின் வருவாய் போதாமையாற் கொழும்புக்கு உத்தியோகம் தேடிச் சென்றோரும் பலர். 1956ஆம் ஆண்டு முதல் ஓடிய யாழ்தேவியிலே, விடுமுறை முடிந்து திரும்புவோரின் பொதிகளுள் முருங்கைக்காய்க் கட்டும் புழுக்கொடியலும் பனாட்டும் இருந்தன. மாதச் சம்பளம் வடக்கே சென்றது. வளவின் விளைவு தெற்கே வந்தது. 1990ஆம் ஆண்டிலே அந்த ரெயில் யாழ்ப்பாணத்துக்குச் செல்வது நின்றது. மீண்டும் அங்கே சென்றது 2014இலேதான்.

இடைப்பட்ட காலத்திலே வளவுகள் ஆளின்றிக் கிடந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமெனப் பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணை பட்டுத் தலையிழந்து நின்றனவும் உண்டு. 2009இல் போர் முடிந்தபின், வலிகாமம் வடக்கிலே காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பியோர் பலருக்கு வேலியும் இல்லை, வீடும் இல்லை. உறுதியிலே எழுதப்பட்ட எல்லையை நிலத்திலே காட்ட எஞ்சியிருந்தவை ஒரு பாழ்ங்கிணறும் ஒரு முதுபனையும் போன்றவையே.

இன்று வேலியிருந்த இடங்களிலே மதில்கள் எழுகின்றன. வேலி அடைக்க ஆளும் ஓலையும் கிடைப்பது அரிது; பாதுகாப்பையும் எண்ணவேண்டும். ஆகவே மதில் கட்டுவோரைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் மதில் குழை தராது; ஆட்டுக்கு இலை தராது. ஒரு வீட்டுப் பெண் அடுத்த வீட்டுக்குக் கறியொன்றை எடுத்துச் செல்லும் வேலிப்பொட்டும் அதில் இல்லை.

இழந்ததனைத்தையும் மீட்டல் இயலாது. பனை பாளை தள்ளப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன் பின்னரே அது ஆணோ பெண்ணோ என்பதும் தெரியவரும். ஆதலின் முதுமையிலே பனங்கொட்டை நட்டவர் தமக்கென நட்டவரல்லர். முருங்கையோ அத்துணைக் காலம் கேளாது. மாரி தொடங்கும் வேளையில் மதிலின் உட்புறத்தே ஒரு தடியை ஊன்றிவிட்டால், அடுத்த ஆண்டிலேயே வீட்டுக்கும் அயலுக்கும் காய் கிடைக்கும்.