விரலுக்குத் தகுந்த வீக்கம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் பேசப்போவது பேட்டரியைப் பற்றி. பயந்துடாதீங்க, ஃபார்முலா ஒன்றே ஒன்றுதான். ஓம் விதி!

என் அக்கா திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் சின்னதாக கிளினிக் நடத்துகிறார். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போனாலும் ஃப்ரிட்ஜ் நிற்கக் கூடாது. "தம்பி, நீதான் எலெக்ட்ரிகல் படிச்சவனாச்சே, ஏதாவது பண்ணுப்பா" என்றார். 2019-ல் 5 கிலோவாட் இன்வெர்ட்டரும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றும் வைத்தேன். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர். பெருக்கினால் சுமார் 5 யூனிட். விரலுக்குத் தகுந்த வீக்கம்னு சொல்வாங்களே, அந்த மாதிரி, காசு சேரச் சேர இன்னும் இரண்டு வாங்கிக்கலாம் என்பது திட்டம்.

2021-ல் இரண்டாவது வந்தது. பழையது அப்போதுதான் சார்ஜ் ஏறி முடிந்து 56 வோல்ட் காட்டியது. புதியது 53. "மூணு வோல்ட்தானே, தானா சமமாயிடும்"னு இணைத்தேன். பட்டென்று ஒரு பொறி! இரண்டு பேட்டரியின் பி.எம்.எஸ்ஸும் கட் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊரில் கரண்ட்டும் இல்லை. இருட்டில் அக்கா மருந்துகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, நீ எலெக்ட்ரிகல்தானே படிச்ச?"

பதில் சொல்ல முடியவில்லை. தப்பு என் மேல்தான்.

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை அடியில் ஒரு குழாயால் இணைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். லித்தியத்தில் அந்தக் குழாய் ரொம்ப அகலம். உள் தடை, கேபிள் எல்லாம் சேர்ந்து 0.04 ஓம் என்றால், 3 வோல்ட்டுக்கு 75 ஆம்பியர் பாயும். என் புதிய பேட்டரி வாங்கிக்கொள்ளக்கூடியது 50தான். பழையதோ கிளினிக்கின் லோடையும் சேர்த்துச் சுமந்து தன் எல்லையைத் தாண்டிவிட்டது.

2023-ல் மூன்றாவது வந்தபோது அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே முழு சார்ஜ் செய்து, சிறிது நேரம் ஓய விட்டு, மல்ட்டி மீட்டரில் வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் வந்த பிறகே இணைத்தேன். பொறி இல்லை, சத்தம் இல்லை.

மாணவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பேட்டரியைத் தவணையில் வாங்கலாம். திட்டத்தைத் தவணையில் போடக் கூடாது. கடைசியில் எத்தனை வரும் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். 5 கிலோவாட் முழு லோடில் 48 வோல்ட்டில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பஸ்பாரும் இன்வெர்ட்டர் கேபிளும் அன்றைக்கே அதைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி டி.சி. ஃப்யூஸ், ஒரே நீளத்தில் கேபிள். நீளம் மாறினால் ஒன்று உழைக்கும், இன்னொன்று தூங்கும். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யை அங்கே மாட்டாதீர்கள், டி.சி. ஆர்க்கை அது அணைக்கும் என்று நம்ப முடியாது.

"பழசும் புதுசும் சேர்க்கலாமா?"ன்னு கேட்பீங்க. ஒரே வகை, ஒரே வோல்ட்டேஜ், ஒவ்வொன்றுக்கும் சொந்த பி.எம்.எஸ். இருந்தால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் எண்ணிக்கை வரை பேரலலில் சேர்க்கலாம். பழையது கொஞ்சம் குறைவாகச் சுமக்கும், அவ்வளவுதான். சீரீஸில் மட்டும் வேண்டாம். அங்கே பலவீனமானதுதான் எல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஸ்கூட்டர் பேட்டரியையோ, தண்ணீர் ஊற்றும் பேட்டரியையோ இதோடு கோர்க்காதீர்கள். சார்ஜ் வோல்ட்டேஜே வேறு.

இப்போது கிளினிக்கில் 15 யூனிட் இருக்கிறது. போன மாதம் கரண்ட் போனபோது அக்காவுக்கே தெரியவில்லையாம். "எப்பப்பா போச்சு?"ன்னு கேட்டார். நான் வாங்கிய பட்டத்துக்கு அன்றைக்குத்தான் மதிப்பெண் கிடைத்தது!

இதோ, மணி அடிக்கிறார்கள்.