சூரிய சக்தியும் மின்னேற்ற நிலையங்களும்
(ஹைதராபாத்தில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



மின்சார வாகனம் புகையற்றது என்கிறோம். ஆனால் அதற்கு ஊட்டப்படும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின், புகை நகரைவிட்டு அனல் மின் நிலையத்திற்கு இடம் மாறியதாகவே பொருள். ஆகவே மின்னேற்ற நிலையங்களைச் சூரிய சக்தியுடன் இணைத்தல் இன்றியமையாததாகிறது.

இதில் முதற்கண் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோவாட் திறனுள்ள சூரிய மின் தகடுகள் இப்பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தரும். அவற்றிற்குச் சுமார் 10 சதுர மீட்டர் கூரை வேண்டும். ஒரு மின்சார ஆட்டோவின் மின்கலம் நிறைய 7 அல்லது 8 யூனிட் தேவை. 20 சதுர மீட்டர் கூரை இதற்குப் போதும். பேருந்தின் நிலை வேறு. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் பெரிய பேருந்துக்கு 240 யூனிட் அளவில் தேவைப்படும். அது நிற்க 30 சதுர மீட்டர் போதும். ஓடவோ 600 சதுர மீட்டர் கூரை வேண்டும்! பணிமனைக் கூரை மட்டும் பேருந்துகளைத் தாங்காது என்பது இதனால் விளங்கும்.

எனவே கூரையை வேறிடத்திலும் தேட வேண்டும். இந்நகரின் வெளிவட்டச் சாலையையொட்டி 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட 23 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கூரை 16 மெகாவாட் திறனுக்கென வகுக்கப்பட்டது. மேற்சொன்ன கணக்கின்படி, அத்திறன் நாள்தோறும் 64,000 யூனிட் தரவல்லது. இது சுமார் 260 பேருந்துகளின் ஒரு நாள் தேவைக்கு ஈடாகும்.

இடத்தைவிடக் கடினமானது நேரம். கதிரவன் நண்பகலில் தருகிறான்; வாகனங்களோ பெரும்பாலும் இரவில் மின்னேற்றம் பெறுகின்றன. பகல் மின்சாரத்தை மின்கலங்களில் சேமித்து வைக்கலாம். ஆனால் செலவு மிகும். பகலில் நிற்கும் வாகனங்களைப் பகலிலேயே மின்னேற்றுவது எளிய வழி. மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு வழிகாட்டுகின்றன. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, பொது மின்னேற்ற நிலையங்களுக்கான மின் கட்டணம் சராசரி வழங்கு செலவில் 0.7 மடங்கு, பிற நேரங்களில் 1.3 மடங்கு. ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு!

இந்தச் சலுகை நிலைய உரிமையாளரோடு நின்றுவிடலாகாது. வாகன ஓட்டியின் கைக்கும் சேர வேண்டும். நண்பகலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தும் ஆட்டோ ஓட்டுநர் அந்நேரத்து வருமானத்தை இழக்கிறார். மலிவான மின்சாரம் அவ்விழப்பை ஈடு செய்தாலன்றி அவர் பகலில் வரமாட்டார்.

பகல் முழுதும் வாகனங்கள் நிற்கும் இடங்கள் எவை? அலுவலகங்களும் கல்லூரிகளுமே. அவற்றின் வாகன நிறுத்துமிடங்களுக்குச் சூரியக் கூரை வேய்ந்து, அதன் கீழேயே மின்னேற்றக் கருவிகளை நிறுவலாம். நிழலும் கிட்டும், மின்சாரமும் கிட்டும். இதனைத் தொடங்க வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் நீங்களே.