முதலில் பத்திரம், பிறகு பணம்!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

சென்ற மாதம் ஒரு மில் தொழிலாளி என்னிடம் வந்தார். ஸ்பின்னிங்கில் 30 வருஷம் நின்றவர். பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி எல்லாவற்றையும் ஒரு மனைத் தரகரிடம் கொடுத்துவிட்டார். "எழுதி வாங்கினீர்களா?" என்றேன். 20 ரூபாய் முத்திரைத் தாள் ஒன்றை நீட்டினார். பதிவு ஆகவில்லை. மனையோ வேறொருவர் பெயரில் இருக்கிறது!

அவர் ஏமாளி அல்ல. வாடகை வீட்டில் காலம் தள்ளியவருக்குச் சொந்தக் கூரையின் மீது ஆசை வராதா? அந்த ஆசையை வைத்துத்தான் நில வியாபாரி கொழுக்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தையோ வீட்டையோ பதிவு செய்த பத்திரத்தால்தான் விற்க முடியும். இது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம். 'பவர்' எழுதித் தருகிறேன் என்பான், நம்பாதீர்கள். பவரால் சொத்து கைமாறாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் ஐந்து காரியம் செய்யுங்கள்.

ஒன்று: மூலப் பத்திரத்தின் அசலைக் கேளுங்கள். நகலைக் காட்டினால் அசல் எங்கே? பாங்கியிலா, வட்டிக்காரனிடமா?

இரண்டு: குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவான கிரயமும் அடமானமும் அதில் தெரியும். கோர்ட்டு வழக்கும் வாரிசுத் தகராறும் அதில் தெரியாமல் போகலாம். அதை அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

மூன்று: பட்டாவிலும் பத்திரத்திலும் பெயரும் சர்வே நம்பரும் ஒத்திருக்கிறதா? நிலத்தை அளந்து பாருங்கள். பட்டா மட்டும் இருந்தால் உரிமை வந்துவிடாது.

நான்கு: வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா? பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் வந்த சட்டம் அது. "தங்கச்சி கேட்க மாட்டாள்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

ஐந்து: மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? உத்தரவு நம்பரை வாங்கி, நகர் ஊரமைப்புத் துறை ஆபீசில் விசாரியுங்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எவ்வளவோ இன்று பிறர் கையில் இருக்கிறது. அது நிபந்தனை நிலம். தாழ்த்தப்பட்டோர் அல்லாதாருக்கு அதை விற்க முடியாது. விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். உங்கள் கையில் இருந்தால் விடாதீர்கள்!

முன்பணம் கொடுத்தால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பணத்தைப் பாங்கி மூலமே கொடுங்கள். கிரயம் முடிந்ததும் பட்டா மாற்றுங்கள். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. மனைவி பெயரில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தனியாகப் போனால் தரகன் சொல்வதுதான் வேதம். சங்கத்துக்கு வாருங்கள், பத்திரத்தை நாலு பேராகப் படிப்போம், தெரிந்த வக்கீலிடம் காட்டுவோம். வீடில்லாதவருக்கெல்லாம் மனைப் பட்டா கேட்டுப் போராடுவோம். அதுவரை, வியர்வை சிந்திச் சேர்த்த காசு ஒரு வெற்றுத் தாளுக்குப் போகாமல் காப்போம்!