ஐந்து டாலருக்குத் தொடங்கிய சந்தை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பின் நடந்த மாலை நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று செயலாளர் சாரிடம் சொல்லியிருக்கிறேன்.

"ராத்திரி ஒரு மணிக்கு உங்க வீட்ல மட்டும் லைட் எரியுதே, என்னம்மா பண்றே?" என்று லிஃப்டில் என்னைக் கேட்ட மாமி இதோ முன் வரிசையில் இருக்கிறார். மாமி, நாய்க்கு ராணுவச் சீருடை வரைந்துகொண்டிருந்தேன். எங்கோ வெளிநாட்டில் ஒருவர், தன் வீட்டு நாயைப் பழைய காலத்துப் படைத் தளபதி போல, மார்பில் பதக்கங்களோடு வரைந்து தரச் சொல்லிப் பணம் கட்டியிருந்தார். நான்கு வருடமாக இதுதான் என் தொழில்.

இதுபோல என்னவெல்லாம் கேட்கிறார்கள் தெரியுமா? கடற்கொள்ளையன் குரலில் பிறந்தநாள் வாழ்த்து. ஓய்வு பெறும் மேலாளரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு. பூனையின் பெயர் வரும்படி ராப். இதற்கெல்லாம் கடைத்தெருவில் கடை கிடையாது. கேட்பவர் ஒரு நாட்டில் இருப்பார், செய்யத் தெரிந்தவர் இன்னொரு நாட்டில் இருப்பார். இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்து, நடுவில் பணத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் தரகர்தான் இந்தத் தளங்கள்.

நான் இருக்கும் தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த ஃபைவரை வைத்தே சொல்கிறேன். 2010 பிப்ரவரியில், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில், மீகா காஃப்மன், ஷாய் வினிங்கர் என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள். அப்போது எதை எடுத்தாலும் ஐந்து டாலர், நம் ஊர்ப் பொருட்காட்சியில் 'எது எடுத்தாலும் பத்து ரூபாய்' கடை இருக்குமே, அப்படி. பெயரும் அந்த ஐந்திலிருந்துதான் வந்தது. அந்த ஐந்தில் ஒன்று தளத்துக்கு, நான்கு வேலை செய்தவருக்கு. பின்னால் விலையை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. 2019 ஜூனில் நியூயார்க் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம், இன்றும் அப்படியேதான். வாங்குபவர் மனம் குளிர்ந்து தனியாகக் கொடுக்கும் டிப்ஸிலும் அந்த 20 சதவீதம் உண்டு. ஹோட்டல் முதலாளி சர்வர் டிப்ஸில் கை வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

சரி, நீங்கள் ஒரு ஆர்டர் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அப்பாவுக்கு எண்பது வயது. அவரை அவருடைய பழைய சைக்கிளோடு ஒரு கார்ட்டூனாக வரைய வேண்டும். தேடினால் வரிசையாக ஓவியர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் தான் என்ன செய்து தருவேன், எத்தனை நாளில், எத்தனை திருத்தம் வரை, என்ன விலை என்று அறிவிப்பு வைத்திருப்பார். அந்த அறிவிப்புக்குத்தான் 'கிக்' என்று பெயர். நீங்கள் பணத்தை முழுவதும் முதலிலேயே கட்டுகிறீர்கள், கூடவே தளத்துக்கு ஒரு சேவைக் கட்டணமும். ஆனால் அந்தப் பணம் ஓவியருக்கு உடனே போகாது. அவர் படத்தை அனுப்பிய பிறகு நீங்கள் ஏற்கலாம், திருத்தம் கேட்கலாம். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் மூன்று நாளில் ஏற்றதாகவே கணக்கு. அதன் பிறகும் சாதாரண விற்பனையாளர் 14 நாள் காத்திருந்துதான் பணத்தை எடுக்க முடியும்.

இந்த இடத்தில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சண்டை பெரும்பாலும் வருவது விலையால் அல்ல, சொல்லாமல் விட்டதால். 'நன்றாக வரைந்து தாருங்கள்' என்று எழுதினால் எனக்கு என்ன புரியும்? சைக்கிள் என்ன நிறம், முன்னால் கம்பியில் குழந்தை இருக்கை இருந்ததா, அப்பா வேட்டியா பேன்ட்டா, திருநீறு உண்டா, படம் ஃபிரேம் போடவா, போனில் அனுப்பவா? இதையெல்லாம் முதல் நாளே எழுதினால் எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். ஒருமுறை ஒருவர் 'தாத்தாவின் மூக்கு சரியில்லை' என்று ஆறு தடவை திருப்பி அனுப்பினார். ஏழாவது தடவை போட்டோவே வேறொரு தாத்தாவுடையது என்று தெரிந்தது. அந்த வேலைக்கு விலை பத்து டாலர். தளம் போக எட்டு. அதை ரூபாயாக்கி வங்கிக்குக் கொண்டுவர இன்னும் கொஞ்சம் போகும். நான் செலவழித்தது ஒன்பது மணி நேரம். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

விலையை ஏற்ற வேண்டியதுதானே என்பீர்கள். நட்சத்திரம் சேரும்வரை முடியாது. புதிதாக வந்தவரைத் தேடலில் யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஆரம்பத்தில் எல்லோரும் அடிமாட்டு விலைக்குத்தான் செய்கிறோம். எனக்கு அந்தக் கட்டம் எட்டு மாதம் ஆனது. ஏ பிளாக்கில் ஒரு தம்பி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்டார். விடாதீர்கள் தம்பி. மாதம் முழுக்க மின்சார பில்லுக்குக் கூட வராமல் போன மாதங்கள் எனக்கு உண்டு.

இன்னொரு பழைய கதை. 2006இல் ஏரன் கோப்ளின் என்ற அமெரிக்கக் கலைஞர், அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் ஒரு வேலை போட்டார்: இடது பக்கம் பார்க்கும் ஒரு ஆடு வரைய வேண்டும், கூலி இரண்டு சென்ட். பத்தாயிரம் ஆடுகள் சேர்ந்தன. அது நல்ல கலைப் படைப்பு என்று பேரும் வாங்கியது. பிறகு அந்த ஆடுகளை அஞ்சல்தலை போல அச்சிட்டு விற்றபோது, நம் ஆட்டை விற்கிறார்களே என்று வரைந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், வரையும் முன்பே உரிமை யாருக்கு என்று படித்துவிடுங்கள். குரல் பதிவு போன்ற சில வேலைகளில் விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தனிக் கட்டணமே வைக்கலாம். பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இனி நான் பேச ஒத்துக்கொண்டதற்கான உண்மையான காரணம். 2017 ஜனவரியில் பியூடிபை என்ற பெயரில் யூடியூபில் கோடிக்கணக்கானோர் பின்தொடர்ந்த ஒருவர், ஃபைவரில் ஐந்து டாலர் கட்டி, நம் நாட்டு இளைஞர்கள் இரண்டு பேரிடம் ஒரு வாசகத்தை எழுதிக் காட்டச் சொன்னார். சிரித்துக்கொண்டே ஆடிப்பாடி வாழ்த்துச் சொல்வதுதான் அவர்கள் விற்ற வேலை. அந்த ஆங்கில வாசகம், யூதர்கள் எல்லோரும் சாகட்டும் என்பது. அவர்கள் காட்டினார்கள், அவர் அதைத் தன் வீடியோவில் போட்டார். உலகமே கொதித்தது. அடுத்த மாதம் டிஸ்னியின் நிறுவனம் அவரோடு இருந்த தொடர்பை முறித்தது. ஆனால் அதற்கு முன்பே கணக்கு முடக்கப்பட்டது இந்த இரண்டு பேருக்கு. தாங்கள் எழுதியதன் அர்த்தம் புரியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு கணக்கு திரும்பக் கிடைத்தது. கேட்டவருக்கு அது வேடிக்கை. செய்தவர்களுக்கு அது பிழைப்பு.

எனக்கும் ஒரு நாள் வந்தது. ஒரு பெண்ணின் போட்டோ, பஸ்ஸில் அவளுக்குத் தெரியாமல் எடுத்தது போல இருந்தது. அவளைக் கேலியாக, உடம்பைப் பெரிதாக்கி வரைய வேண்டுமாம். அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பதிலாக இரண்டு மடங்கு விலை வந்தது. அந்த மாதம் எனக்குப் பணம் தேவையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரு மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரத்து செய்தேன். ஆர்டரை ரத்து செய்தால் நம் மதிப்பெண் குறையும், குறைந்தது. மூன்று வாரம் ஒரு ஆர்டரும் வரவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. புதிதாகச் சேர்ந்த உடனே, உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது எழுதுவார்கள். அது திருட்டு. நம் வளாகத்திலேயே ஒரு பெண் 'பதிவுக் கட்டணம்' என்று மூவாயிரம் ரூபாய் கட்டி ஏமாந்தாள். ஃபைவரில் விற்பவராகச் சேரக் கட்டணமே கிடையாது. பேச்சையும் பணத்தையும் தளத்துக்குள்ளேயே வைத்திருங்கள். வெளியே போனால் புகார் சொல்ல இடமில்லை.

மூன்றாம் மாடி அக்கா தன் மகன் பழைய நடிகர்கள் குரலில் பேசுகிறான், சேர்க்கலாமா என்று கேட்டார். அக்கா, அடுத்தவர் குரலைப் போலச் செய்வதில் வம்பு இருக்கிறது. அவன் சொந்தக் குரலில் தமிழில் கதை படித்து இரண்டு நிமிடம் பதிவு செய்து வரச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். போன், பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரத்தோடு யார் வந்தாலும் உட்கார்ந்து கணக்குத் தொடங்கித் தருகிறேன். கரண்ட் போனால் ஞாயிறு.