பல்லைப் பார்த்து வாங்குவோம்



அய்யலூர் வியாழச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் யாரும் ஆடு வாங்குவதில்லை. பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கும் பெற்றோர் நம்மிடம்தான் யோசனை கேட்கிறார்கள். மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, 61 கட்டைகள், அதாவது ஐந்து ஸ்தாயி. கட்டை பியானோ அகலத்தில் இருக்கட்டும். பொம்மைக் கட்டையில் பழகிய விரல் மேடையில் தடுமாறும். இரண்டு, மெல்லத் தொட்டால் மென்மையாகவும் அழுத்தித் தொட்டால் உரக்கவும் ஒலிக்க வேண்டும். மூன்று, பாடும் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் வசதி. நூற்றுக்கணக்கான தாளங்கள் இருப்பதை நம்பி விலை கொடுக்க வேண்டாம்.

வாங்க இயலாத வீட்டிலும் இசை கேட்கும் காது உண்டு. கலைத் திருவிழா அவர்களுக்கும் உரியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, பள்ளிக்கென ஒன்று வாங்குவோம். ஹெட்போன் மாட்டினால் பக்கத்து வகுப்புக்கும் தொந்தரவில்லை.