சாவி என்னிடம் இருக்கட்டும்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரை (லூக்கா 13:1-9)



இன்றைய நற்செய்தியில் தோட்ட உரிமையாளர் சொல்வது நியாயமான கணக்குதான். மூன்று ஆண்டுகளாக வந்து பார்த்தாயிற்று, அத்திமரத்தில் கனி இல்லை, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வெட்டிவிடு என்கிறார். தோட்டத் தொழிலாளர் அந்தக் கணக்கை மறுக்கவில்லை. இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். அந்த ஓர் ஆண்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதாகவும் அவர் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார். மரத்தை அவர் உலுக்கவில்லை. மண்ணில்தான் கை வைக்கிறார்.

இவ்வாண்டு இந்தப் பகுதியை வாசிக்கும்போது நம் மனத்தில் வந்து நிற்பது ஒரு பழைய லாரி.

நம் பங்கில் முன்பு லாரித் தொழில் செய்த குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் கொல்லையில், புளியமரத்தடியில், 1960களில் வாங்கிய டாட்டா மெர்சிடிஸ் வண்டி ஒன்று 18 ஆண்டுகளாக நின்றது. 1954இல் டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் கூட்டாகச் செய்யத் தொடங்கிய வண்டி வகை அது. 1969 வரை அந்தக் கூட்டு நீடித்தது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆண்டு முழுவதும் தக்காளி ஏற்றிய அந்த வண்டியை ஆகஸ்ட் கடைசியில் கழுவி, மாலை போட்டு, வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நம் மக்கள் ஏறிப் போவார்களாம். (இப்போது அப்படிப் போவது சட்டப்படி தவறு. சாமியாரே சொன்னார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

தகப்பனார் இறந்தபின் வண்டி நின்றுபோனது. சில ஆண்டுகளுக்கு முன் மூத்த மகன் ஆசையோடு புது பேட்டரி வாங்கி மாட்டி, சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்திருக்கிறார். இன்ஜின் பாதி சுற்று சுற்றி, 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. துருவேறி ஒட்டியிருந்த வால்வு இறங்க மறுத்ததில் ஒரு புஷ் ராடு வில்லாக வளைந்துவிட்டது. பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்று தம்பி சொன்னார். தாயாருக்கு மனம் வரவில்லை.

கடைசியில் ஊரில் எல்லோரும் 'பாய்' என்று அழைக்கும் வயதான மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். வீடு மந்திரிக்கப் போன நாமும் அன்று அங்கே இருந்தோம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு மூத்த மகனிடம், "தம்பி, சாவியை என்கிட்ட குடுங்க. நான் சொல்ற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய மூன்று வாரம் சாவிக்கு வேலையே இல்லை.

டீசல் இன்ஜினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. உள்ளே அடைபட்ட காற்றைப் பிஸ்டன் நெருக்கும்போது 500 டிகிரிக்கும் மேல் ஏறும் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆனால் நெடுநாள் நின்ற இன்ஜினில் எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து, ஈரம் புகுந்து, ரிங்கும் லைனரும் துருவில் ஒட்டிவிடும். பாய் ஆறு நாசில்களையும் கழற்றினார். அந்தத் துளைகள் வழியே டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, துணியால் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் ஊற்றினார். நான்காம் நாள் கிராங்க் புல்லி நட்டில் நீண்ட பார் ஒன்றைப் போட்டு மெல்ல அழுத்தினார். ஒரு விரற்கடை அசைந்தது. உடனே பின்னுக்குத் திருப்பினார். மறுபடி முன்னுக்கு. "ஒட்டுனது ஒட்டுன வழியா பிரியாது ஃபாதர், கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடும்" என்றார். சம்ப்பின் அடி நட்டைக் கழற்றியபோது ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. ஏர் கிளீனரில் எலிக்கூடு. டேங்கின் அடியில் தார்போல் கசடு.

நேயர்களே, பார்த்துக்கொண்டிருந்த நமக்கு முகம் சுண்டிவிட்டது. காரணம் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கோவிலுக்கு வராதிருந்த ஒருவர் சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிறு வந்து, கடைசித் தூணோரம் நின்றார். வாசலில் ஒருவர், "என்ன, இன்னைக்கு மழைதான்!" என்றார். இன்னொருவர் பாக்கியிருந்த சந்தா கணக்கை நினைவூட்டினார். இதெல்லாம் மற்றவர்கள் செய்தது. பங்குத்தந்தையாகிய நாம் என்ன செய்தோம்? திருப்பலி முடிந்த கையோடு அவர் தோளைத் தட்டி, "வந்ததே வந்தீர்கள், பாவசங்கீர்த்தனத்தையும் முடித்துவிட்டுப் போகலாமே" என்றோம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னோம். மூத்த மகன் சாவியைத் திருப்பியதும் நல்ல எண்ணத்தில்தான். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

ஒப்புரவு அருளடையாளம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. அந்தச் சூடு வந்துதான் ஆக வேண்டும். அதற்கு முன் அவருக்குள் எது எதோடு ஒட்டிப்போயிருக்கிறது என்று நாம் கேட்கவே இல்லை. அவருடைய தாயாரின் அடக்கத்தின்போது கல்லறை இடம் பற்றி நடந்த வாக்குவாதம் நம் காலத்துக்கு முந்தியது. நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

தவக்காலம் தொடங்கியதிலிருந்து வியாழக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய் வருகிறோம். தேநீர் குடிக்கிறோம். முதல் இரண்டு வாரம் தண்ணீர்தான் முதலில் வந்தது: பழைய கோபம். கேட்டுக்கொண்டோம். இடையில் கோவில் பேச்சை நாம் எடுக்கவில்லை.

லாரி கிளம்பிய நாளையும் சொல்லிவிடுகிறோம். டீசல் லைனில் ஏர் எடுத்து, டீசலை நிறுத்திவைத்தே இன்ஜினைச் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறுவதைப் பார்த்தபின்தான் பாய் சாவியை எடுத்தார். ஒரு பையனைப் பலகையோடு காற்றுக் குழாய் அருகே நிறுத்தினார். பம்ப்பின் ரேக் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடி உடையுமாம். காற்றை அடைத்தால்தான் நிற்குமாம். திரும்பி வந்தவரை மறு வாரமே அன்பியப் பொறுப்பாளர் ஆக்கும் நமக்கும் அப்படி ஒரு பலகை தேவைதான். மூன்றாம் முறை வெள்ளைப் புகை கக்கி, இரண்டு சிலிண்டர், நான்கு, பிறகு ஆறும் பிடித்தன. தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாய் ரேஸ் கொடுக்கவிடவில்லை. ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று கீழே படுத்துப் பார்த்தார்.

இந்த வியாழக்கிழமை நம் நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த லாரி கிளம்பிடுச்சாமே சாமி? அதுல எங்கம்மா மடியில உக்காந்து வேளாங்கண்ணி போயிருக்கேன்" என்றார். பார்க்கப் போவோமா என்று கேட்டோம். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.